ஷார்ட்ஸ்டாப் பார்க்கப் போன இடத்தில்

டெலா விட்காம்ப் கார்வெல் ஊருக்கு வந்து சேர்ந்த வியாழக்கிழமை மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. தென் கரோலினாவில் ஜூலை மாத மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. வந்துவிட்டால் லேசில் கிளம்புவதும் இல்லை. மைதானத்து ஆட்கள் பெரிய தார்ப்பாயை இழுத்து ஆடுகளத்தை மூடிவிட்டு, அதன் மேல் மழை கொட்டுவதைக் கை கட்டிக்கொண்டு பார்த்தார்கள். டெலா தகரக் கூரைக்குக் கீழே, வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடலை தீர்ந்த பிறகும் மழை தீரவில்லை. ஆட்டம் ரத்து என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

அவளுக்கு ஆள் பார்க்கிற வேலை. பெரிய லீகில் ஆடும் ஒரு பேஸ்பால் கிளப் அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. மற்ற கிளப்புகள் தங்களுடைய சின்னக் குழுக்களில் வளர்த்துக்கொண்டிருக்கும் இளவட்டங்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று அவள் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்களுக்காவது உபசாரம் நடக்கும். இவர்களை யாரும் வா என்றுகூடச் சொல்வதில்லை. பையனிடம் ஒரு வார்த்தை பேசவும் கூடாது. வேறு கிளப்பின் ஆட்டக்காரனோடு பேசியது தெரிந்தால் வேலை போய்விடும்.

இந்தத் தடவை அவள் பார்க்க வந்த பையனின் பெயர் டியோனார் ஐசெனியா. குராசாவ் தீவுக்காரன், பத்தொன்பது வயது. கார்வெல் கழுதைகள் என்ற குழுவில் ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நின்று, அடித்த பந்தை அள்ளி, குறுக்கே முதல் தளத்துக்கு வீசுகிற இடம் அது. களத்திலேயே கஷ்டமான இடமும் அதுதான். டெலாவின் கிளப் பந்து எறிகிற தன்னுடைய வயதான பிட்சர் ஒருவரை இந்தப் பையனின் கிளப்புக்குக் கொடுக்கப் போகிறது. பதிலுக்கு இரண்டு பேரில் ஒருவனை எடுத்துக்கொள்ளலாம்: ஒன்று டியோனார், இல்லாவிட்டால் கோல்பி என்ற ஆரெகன் மாநிலத்து வெளிக்களத்துப் பையன். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தோடு கெடு முடிகிறது.

அவளுடைய மேலாளர் கெண்ட்ரிக்குக்கு ஒரே ஒரு சந்தேகம். "கேமரா கணக்குப்படி ஜூன் மாசத்துலேர்ந்து அவன் எறியற வேகம் குறைஞ்சிருக்கு. கை போயிடுச்சா, இல்ல சோம்பேறித்தனமா? அதை மட்டும் பார்த்துட்டு வந்து சொல்லு" என்று அனுப்பியிருந்தார்.

அதைப் பார்க்கத்தான் வழியில்லை. வெள்ளிக்கிழமை வானம் பளிச்சென்று இருந்தது. ஆட்டம் தொடங்கியபோது ஷார்ட்ஸ்டாப் இடத்தில் வேறு யாரோ நின்றான். டியோனாரை மட்டை பிடிக்க மட்டும் போட்டிருந்தார்கள். முறை வரும்போது வந்து அடித்தான். மற்ற நேரமெல்லாம் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு வீரர்களின் குழிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

டெலாவுக்குப் பக்கத்து இருக்கையிலும் விதை கொறிக்கிற சத்தம்தான். ஹூபர்ட் லாங்லி, வேறொரு கிளப்புக்கு ஆள் பார்ப்பவர், எழுபதை நெருங்கியவர். அவருக்கு இந்த வட்டாரம் முழுவதும் தெரியும், வட்டாரத்துக்கும் அவரைத் தெரியும்.

"ஒளிச்சு வைக்கிறாங்கம்மா" என்றார் அவர், உமியைத் துப்பிவிட்டு. "நல்ல பீச் பழத்தை எவனாவது கடைவாசல்ல வைப்பானா?"

"பெரிசு, அழுகின பழத்தையும் உள்ளதான் வைப்பாங்க."

"அடி சக்கை. நீ தேறிட்டே."

ஆட்டத்துக்கு நடுவே கெண்ட்ரிக் போனில் கூப்பிட்டார்.

"பையனைப் பார்த்தியா?"

"பார்த்தேன். நல்லா உட்கார்றான்."

"டெலா, விளையாடாதே."

"அவன்தான் விளையாட மாட்டேங்கறான். நான் என்ன பண்றது?"

சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி நேரத்தில் வேலியோரமாய்ப் போய் நின்றாள். கழுதைகளின் கோச் கர்ட் பூன் சூயிங்கத்தை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கோச், இன்னிக்கு ஷார்ட்ல யாரு?"

"ஆட்டம் ஆரம்பிச்சா தெரியப் போவுது."

"நேத்து ஏன் ஐசெனியாவ நிறுத்தல?"

"பையன் களைச்சிருந்தான். நீங்க களைச்சுப் போகமாட்டீங்களா? பார்த்தா களைச்ச மாதிரிதான் தெரியறீங்க."

பக்கத்தில் நின்ற இரண்டு உதவியாளர்கள் சிரித்தார்கள். டெலாவும் சிரித்து வைத்தாள். கல்லூரியில் நான்கு வருஷம் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவள் அவள். பிறகு பள்ளிக்கூடப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, நாற்பது வயதுக்குப் பிறகு இந்த வேலைக்கு வந்தவள். இப்படிப்பட்ட சிரிப்புக்குப் பதில் சிரிப்பு வைத்திருப்பது வேலையில் பாதி என்பது அவளுக்குப் பழகியிருந்தது. வயிற்றெரிச்சல் மட்டும் பழகவில்லை.

அன்றைக்கு டியோனார் ஷார்ட்ஸ்டாப்பாக இறங்கினான். அப்பாடா என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் கழுதைகளின் பிட்சருக்கு அன்று என்ன அருள் வந்ததோ, எதிர்க்குழுவில் ஒருவன் மட்டையிலும் பந்து படவில்லை. வந்தவன் எல்லாம் காற்றை வெட்டிவிட்டுப் போனான். ஊரே ஆரவாரித்தது. குழுவின் சின்னமாகக் கழுதை வேஷம் போட்டவன் பார்வையாளர் வரிசையில் குதித்தான். ஒரு இன்னிங்ஸ், இரண்டு, நான்கு. டியோனார் பக்கம் ஒரு பந்துகூடப் போகவில்லை.

"நாசமாப் போறவனே, ஒருத்தனையாவது அடிக்க விடேன்டா" என்று அவள் பல்லைக் கடித்தாள்.

ஹூபர்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். "இவங்க ஊர்ல உட்கார்ந்துகிட்டு இவங்க பிட்சரையே சபிக்கிற ஒரே ஆள் நீதான். மெதுவாப் பேசு, அடிச்சுப்புடுவாங்க."

ஆறாவது இன்னிங்ஸில்தான் முதல் பந்து வந்தது. மெதுவாக உருண்டு வந்தது. டியோனார் பாய்ந்து முன்னால் வந்து, கையைப் பக்கவாட்டில் சுழற்றி, லேசாக விட்டான். மயிரிழையில் ஓடுபவன் அவுட். எட்டாவது இன்னிங்ஸில் எதிர்க்குழுக்காரன் ஒருவன் இரண்டாம் தளத்தில் நின்றான். அடுத்தவன் அடித்த பந்து டியோனாருக்கு வலப்பக்கத்தில், மூன்றாம் தளத்தை ஒட்டிய இடைவெளியை நோக்கிச் சீறிப் போனது. அவன் கையுறையைப் புரட்டி நீட்டி அதைப் பிடித்த வேகத்தில், எல்லோரும் அவன் முதல் தளத்துக்கு எறிவான் என்று பார்த்துக்கொண்டிருக்க, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தாழ்த்திப் பந்தை மூன்றாம் தளத்துக்குத் தட்டிவிட்டான். இரண்டாம் தளத்திலிருந்து புத்திகெட்டு அங்கே ஓடி வந்துகொண்டிருந்தவன் பந்தின் மேலேயே போய் விழுந்து அவுட் ஆனான்.

கூட்டம் எழுந்து நின்றது. ஹூபர்ட்கூடக் கொறிப்பதை நிறுத்தினார். "மூளைடா! தலைக்குப் பின்னால கண்ணு இருக்கு அவனுக்கு!"

டெலா எழுந்திருக்கவில்லை. என்னவோ அவளை உறுத்தியது. இத்தனை நேரத்தில் அவன் ஒரு தடவைகூடக் கையை ஓங்கி முதல் தளத்துக்கு எறியவில்லை. இரண்டு பந்து வந்தது, இரண்டையும் வேறு மாதிரி முடித்துவிட்டான்.

இன்னிங்ஸ் முடிந்து ஆட்டக்காரர்கள் உள்ளே போனபோது அவள் மண்ணைப் பார்த்தாள். ஷார்ட்ஸ்டாப் ஆடுகிறவர்கள் செம்மண் முடிந்து பின்பக்கப் புல் தொடங்குகிற இடத்தை ஒட்டித்தான் நிற்பார்கள். பின்னால் நின்றால் பந்தை எட்டிப் பிடிக்க நேரம் கிடைக்கும். எதிர்க்குழுவின் ஷார்ட்ஸ்டாப் நின்று கிளறிய மண் அங்கேதான் இருந்தது. டியோனாரின் பூட்ஸ் முள் கீறிய தடமோ அதற்கு நன்றாக முன்னால், செம்மண்ணின் நடுவில் இருந்தது.

முன்னால் நின்றால் எறிகிற தூரம் குறையும். கை வலிக்கிறவன்தான் அப்படி நிற்பான்.

ஆனால் முன்னால் நிற்பவனுக்குப் பந்து மின்னல் மாதிரி வந்து சேருமே, இவன் எப்படி அதைப் பிடிக்கிறான்? ஒன்பதாவது இன்னிங்ஸில் அவள் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு டியோனாரின் கால்களை மட்டுமே பார்த்தாள். பந்து மட்டையில் படுவதற்கு முன்னாலேயே அவன் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது. அடிப்பவனுடைய இடுப்பைப் பார்க்கிறானா, பிட்சரின் விரலைப் பார்க்கிறானா, தெரியவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் சரியான பக்கம் சாய்ந்தான். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பெரிய லீகில் பத்து வருஷம் ஆடியவர்களிடம்கூட இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. தோளோ முழங்கையோ பழுதாகி, அதை யாருக்கும் தெரியாமல் மறைத்து, புத்தியாலும் காலாலுமே அந்த இடத்தைக் காத்துக்கொண்டிருக்கிறான் பையன். அதைச் சொந்தக் கோச்சும் கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் காலை, நெடுஞ்சாலை ஓரத்து வாஃபிள் கடையில் காப்பியை வைத்துக்கொண்டு கெண்ட்ரிக்கைக் கூப்பிட்டாள்.

"கை வலிக்குதுன்னு நினைக்கிறேன்" என்றாள்.

"நினைக்கிறியா, தெரியுமா?"

"அவன் முன்னால வந்து நிக்கிறான். ஆனா கெண்ட்ரிக், கேளு. நான் பார்த்ததுலயே பெரிய ஷார்ட்ஸ்டாப் இவன்தான். எடுத்துக்கலாம். கையை வைத்தியம் பண்ணிக்கலாம்."

"கை போனவன் பெரிய ஷார்ட்ஸ்டாப்பா?"

"ஆமா."

"கால் இல்லாத குதிரை நல்லா ஓடும்னு சொல்ற மாதிரி இருக்கு. இங்க பாரு, நான் மேல போய் ஒரு பதில்தான் சொல்ல முடியும். வேணும், இல்ல வேண்டாம். கை இருந்தா வேணும். கை இல்லன்னா வேண்டாம். எது?"

"ரெண்டும்தான் பதில்."

"ரெண்டும்னு ஒரு பதில் கிடையாது. இன்னிக்கு மத்தியானம் ஆட்டம் இருக்கில்ல? அவன் ஒரு தடவை முழுசா எறியறதைப் பாரு. பார்த்துட்டுக் கூப்பிடு." போனை வைத்துவிட்டார்.

அவள் வாஃபிளைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள். காருக்குக் குடிதண்ணீர் வாங்கலாம் என்று பக்கத்துப் பேரங்காடிக்குள் நுழைந்தாள். தேவாலயம் முடிந்து ஜனங்கள் இன்னும் வந்திருக்கவில்லை, கடை காலியாக இருந்தது. ஐஸ் கட்டிப் பைகள் அடுக்கிய பெட்டிக்கு முன்னால் டியோனார் நின்றிருந்தான்.

திரும்பிப் போய்விடு என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவன் இடக்கையாலேயே கதவைத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் இடுப்பால் முட்டுக்கொடுத்து, அதே இடக்கையால் பையை இழுக்கப் பார்த்தான். வலக்கை கால்சட்டைப் பையிலிருந்து வெளியே வரவில்லை. கதவு இரண்டு தடவை அவன் முதுகில் இடித்தது. மூன்றாவது தடவை அவளையறியாமல் அவள் கை போய்க் கதவைப் பிடித்துக்கொண்டது.

"தேங்க்ஸ், மேடம்" என்று திரும்பியவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். "மூணு நாளா பின்னால உட்கார்ந்திருக்கீங்களே, வைக்கோல் தொப்பி…"

"நான் உன்கிட்டப் பேசக் கூடாது."

"தெரியும், மேடம்."

அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை.

"ஐஸ் முழங்கைக்கா, தோளுக்கா?"

"கூல்டிரிங்ஸுக்கு."

"ரெண்டு மூட்டை ஐஸா?"

அவன் இரண்டாவது பையையும் முதல் பையின் மேல் தள்ளுவண்டியில் வைத்தான்.

"நீ முன்னால நிக்கிறே" என்றாள் டெலா. "மண்ணுல தடம் தெரியுது."

பையனின் முகம் வெளுத்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வேற யாருக்குத் தெரியும்?"

"இப்போதைக்கு எனக்குத்தான். டிரெய்னர்கிட்டப் போய்ச் சொல்லு. இன்னிக்கே சொல்லு."

"சொன்னா உட்கார வெச்சிடுவாங்க. கீழ இருக்கிற குழுவுல ஒருத்தன் இருக்கான், கிளப்பு கொட்டிக் கொடுத்து வாங்கின ஆளு. நான் ஒரு வாரம் நகர்ந்தா அவன் இங்க வந்து நிப்பான். அப்புறம் ஷார்ட் எனக்குக் கிடையாது. சீசன் முடிஞ்சதும் சொல்லிக்கறேன்."

"அதுக்குள்ள கை அறுந்துடும்டா!"

"அது என் கை, மேடம்." கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ கணக்குப் போட்டு வைத்திருப்பவன் மாதிரி சொன்னான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவன் திரும்பினான். "அந்த மூணாம் பேஸ் பந்தாவது உங்களுக்குப் பிடிச்சுதா?"

"என் ஜென்மத்துல அந்த மாதிரி ஒண்ணு பார்த்ததில்ல."

அவன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துவிட்டுப் போனான்.

மத்தியான ஆட்டத்துக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாய்களையும் கூட்டிக்கொண்டு வரலாம். பார்வையாளர் வரிசை முழுக்கக் குரைப்பும் குழந்தைகளின் கூச்சலும். டெலா தன் இடத்தில் உட்கார்ந்து, கழுதைகள் களத்தில் இறங்குவதைப் பார்த்தாள். டியோனார் ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்று மண்ணைக் காலால் கீறினான்.

பையன் புல்லை ஒட்டிப் பின்னால் நின்றிருந்தான்.

முன்னால் நிற்பது வெளியே தெரிகிறது என்று அவள்தானே சொன்னாள்? தெரிகிறது என்றால் தெரியாமல் செய்வோம் என்று பின்னால் போய்விட்டான். அவனைக் காப்பாற்றப் போய்ச் சொன்ன வார்த்தை அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. "முன்னால வாடா" என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என்ன ஆகும்? ஹூபர்ட் திரும்பிப் பார்ப்பார். யார் நீ, எங்கள் பையனோடு உனக்கு என்ன பேச்சு என்று கேட்பார்கள்.

"என்னம்மா, முள்ளு மேல உட்கார்ந்திருக்கியா?" என்றார் ஹூபர்ட்.

"ஒண்ணுமில்ல."

முதல் இரண்டு இன்னிங்ஸில் அவனிடம் பந்து வரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். முந்தின நாள் அவள் திட்டிய பிட்சர் வேறு, இன்றைக்கு எறிந்தவன் வேறு. இவன் பந்தை எல்லோரும் தரையோடு அடித்தார்கள். ஒன்று இரண்டாம் தளத்துக்கு, ஒன்று மூன்றாம் தளத்துக்கு. ஒவ்வொரு அடிக்கும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் பொறுக்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும், பூனிடமே சொல்லிவிடுவோம் என்று எழுந்து கீழே இறங்கினாள்.

குழிக்கூடத்துக்குப் பக்கத்து வரிசையில் சிவப்பு மேல்சட்டை போட்ட ஒரு பெண்மணி குறுக்கே கையை நீட்டினாள். இருக்கை காட்டுகிற வேலை அவளுக்கு.

"சீட்டு எங்கம்மா?"

"நான் கோச்சைப் பார்க்கணும். அவசரம்."

"எல்லாரும்தான் கோச்சைப் பார்க்கணும்கறாங்க. இது நாய் வெச்சிருக்கிறவங்க வரிசை. உங்க நாய் எங்க?"

"எனக்கு நாய் கிடையாதுங்க. ஒரே நிமிஷம், ப்ளீஸ்…"

"நாய் இல்லாம இங்க விடமாட்டேன் கண்ணு. எனக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

டெலா தன் அடையாள அட்டையைத் தேடிக் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது மட்டையில் பந்து படும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள். பந்து மூன்றாம் தளத்தை ஒட்டிய இடைவெளியில் வெகு தூரம் பின்னால் போனது. டியோனார் ஏற்கெனவே அங்கே இருந்தான். குறுக்கே கையுறையை நீட்டி, பின்பக்கப் புல்லில் வலக்காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் கைக்குள் திரட்டி எறிந்தான். பந்து தரையில் படவில்லை, வளையவும் இல்லை. கயிறு கட்டி இழுத்தாற்போல் குறுக்கே போய் முதல் தளத்துக் கையுறையில் பட்டென்று இறங்கியது. ஓடுபவன் தளத்துக்கு முன்னாலேயே அவுட்.

நாய்களெல்லாம் குரைத்தன. சிவப்புச் சட்டைக்காரி டெலாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பார்த்தியா கண்ணு? எங்க பையன்!"

டியோனார் முழங்கையைக் கையுறையால் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஒட்டி வைத்தாற்போல. அடுத்த பந்துக்குக்கூட அங்கேயே குனிந்து தயாராக நின்றான். அது வானத்தில் எழும்பி வேறு யாரிடமோ போய் இன்னிங்ஸ் முடிந்தது. உள்ளே போனவன் திரும்பி வரவில்லை. அடுத்த இன்னிங்ஸில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் வேறொருவன் நின்றான்.

போன் அடித்தது.

"டெலா! அந்த எறி!" கெண்ட்ரிக்கின் குரலில் அப்படி ஒரு உற்சாகத்தை அவள் கேட்டதே இல்லை. "இந்தக் கோடை முழுக்க எந்த லீக்லயும் எந்த ஷார்ட்ஸ்டாப்பும் இவ்வளவு வேகமா எறியல! கை வலியாவது ஒண்ணாவது! சோம்பேறித்தனம்தான்!"

"அவன் வெளிய போயிட்டான்."

"பார்த்தேன். வேற எவனோ அவனை வாங்கறான், அதனாலதான் ஆட்டத்துலேர்ந்து எடுத்துட்டாங்க. அடிபடாம பத்திரமா வைக்கிறாங்க. நான் இப்பவே மேல பேசறேன், இன்னிக்கே முடிச்சுடலாம்."

"கெண்ட்ரிக், நில்லு. கை போச்சு. என் கண் முன்னால போச்சு."



"நேத்து வலிக்குதுன்னே. இன்னிக்கு இப்படி எறியறான். இப்ப போச்சுங்கறே."

"மூணுமே உண்மை. வைத்தியர் பார்க்கணும்னு கேளு. கையை அறுத்துத் தைக்க வேண்டியிருக்கும், ஒரு வருஷம் ஆகும். அதனால கொஞ்சமாக் கொடுத்து எடுத்துக்கோ. யாரும் கிட்ட வரமாட்டாங்க, நமக்குச் சல்லிசாக் கிடைப்பான். எடுத்துக்கோ கெண்ட்ரிக், கெஞ்சிக் கேட்கறேன்."

"கை அறுந்த பையனை வாங்கலாம்னு நான் போய்ச் சொல்லணும். அதுவும் உன் கண்ணை நம்பி."

"பின்ன எதுக்கு என்னை அனுப்பினே? கேமராவையே அனுப்பியிருக்க வேண்டியதுதானே!" அவள் கத்தியதில் நாய் ஒன்று திரும்பிப் பார்த்தது.



கெடு நாளன்று அவள் ஜார்ஜியாவில் வேறொரு மைதானத்தில், வேறொரு பையனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தி போனில் வந்தது. அவள் கிளப் வைத்தியப் பரிசோதனை கேட்டிருக்கிறது, எதிர்த்தரப்பு இழுத்தடித்திருக்கிறது. கெண்ட்ரிக் ஆரெகன் பையன் கோல்பியை எடுத்துக்கொண்டு முடித்துவிட்டார். அந்த வாரமே கார்வெல் கிளப் டியோனாருக்கு முழங்கைத் தசைநார் கிழிந்துவிட்டதென்றும் அறுவைசிகிச்சை என்றும் அறிவித்தது. கீழ்க் குழுவிலிருந்து அந்த விலை கொடுத்து வாங்கிய பையன் வந்து ஷார்ட்ஸ்டாப்பாக நின்றான். நன்றாகவே ஆடினான்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பொறுக்க முடியாமல் போனது. இலையுதிர்காலக் கூட்டத்தில் கெண்ட்ரிக் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, "டெலாவோட கண்ணுதான் நம்மளைக் காப்பாத்திச்சு. கேமராவுக்கே தெரியாததை அவ பார்த்துட்டா" என்றார். கை தட்டினார்கள்.

"நான் எடுத்துக்கன்னுதான் சொன்னேன்" என்றாள் டெலா.

"என்ன அடக்கம் பாருங்க" என்றார் கெண்ட்ரிக். எல்லோரும் சிரித்தார்கள்.

ஹூபர்ட் மட்டும் ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்டார். "ஏம்மா, அன்னிக்கு நீ பந்து வர்றதுக்கு முன்னாலயே எழுந்து ஓடினியே. உனக்கு எப்படித் தெரியும்?"

"சனிக்கிழமை முன்னால நின்னான், பெரிசு. ஞாயித்துக்கிழமை பின்னால நின்னான்."

"நான் பார்க்கலியே" என்றார் கிழவர். "சரி, அவன் ஏன் பின்னால போனான்?"

அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. "யாரோ ஏதோ சொல்லியிருப்பாங்க" என்றாள்.

மறு வருஷம் மே மாதம் ஃப்ளோரிடாவில், டியோனாரின் கிளப் காயம்பட்டவர்களைத் தேற்றுகிற பின்பக்க மைதானத்துக்கு வேறு வேலையாகப் போயிருந்தாள். அங்கே அவன் இருந்தான். முழங்கையில் நீளத் தழும்பு. வைத்தியர் சொன்ன தூரத்துக்கு மட்டும், ஒருவனோடு மெதுவாகப் பந்து மாற்றிக்கொண்டிருந்தான். அது முடிந்ததும் ஒரு பயிற்சியாளர் தரைப் பந்துகளை அடித்துக்கொடுத்தார். இரண்டாம் தளத்தில் நின்று பொறுக்கினான். அங்கிருந்து முதல் தளம் கூப்பிடு தூரம்தான். மட்டை பந்தைத் தொடுமுன்பே அவன் உடம்பு சாய்ந்தது. அந்தச் சாய்வு எங்கும் போய்விடவில்லை.

தண்ணீர் குடிக்க வேலிப் பக்கம் வந்தவன் அவளைப் பார்த்துவிட்டான்.

"வைக்கோல் தொப்பி மேடம்!"

"கை எப்படி இருக்கு?"

"நீங்க பேசக் கூடாதே."

"பேசக் கூடாதுதான்." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "டியோனார், அன்னிக்கு நான் உன்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாது. நான் சொன்னதாலதான நீ பின்னால போனே?"

அவன் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினான். "ஆமா" என்றான். "உங்களாலதான். பின்ன யாரால?" வாயைத் துடைத்துக்கொண்டு, "எறிஞ்சது நான்தான்" என்றான். "நீங்க என்ன சொல்லி அனுப்பினீங்க? கை போச்சுன்னா?"

"கை போச்சு, ஆனா எடுத்துக்கோங்கன்னு."

"அப்படிச் சொன்னா எந்த மடையன் எடுப்பான்?"

"ஒருத்தனும் எடுக்கல."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"செகண்ட் பேஸ் போட்டிருக்காங்க" என்றான். "எனக்குப் பிடிக்கல. ஆகஸ்ட்ல கை முழுசா வந்துடும், அப்புறம் ஷார்ட் கேட்கப் போறேன்."

"கேளு. ஆனா கேட்கறதுக்கு முன்னால—"

"மேடம், மேடம்!" தழும்புள்ள கையைத் தூக்கி அவளைத் தடுத்தான். "தாயே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். போன தடவை ஒரு வார்த்தை சொன்னீங்க, எனக்கு ஒரு வருஷம் போச்சு. நீங்க பாருங்க. பார்த்துட்டுப் போங்க. சொல்லாதீங்க."

பயிற்சியாளர் அவனைக் கூப்பிட்டார். கையுறையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

டெலா காருக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே அடைந்திருந்த வெக்கை வெளியேறுகிற வரை வெளியே நின்று கெண்ட்ரிக்கைக் கூப்பிட்டாள்.

"அந்த குராசாவ் பையனைப் பார்த்தேன். இப்பவும் சொல்றேன், எடுத்துக்கோ."

"ஷார்ட்ல நிக்கிறானா?"

"செகண்ட்ல."

"செகண்டுக்கு நம்மகிட்ட மூணு பேர் இருக்காங்களே டெலா. சரி, நீ பார்க்கப் போன ஆள் எப்படி?"

பார்க்கப் போன ஆளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டே அவர் யாரிடமோ மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டது. பின்னால் மைதானத்தில் பந்து கையுறையில் விழும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் பேச்சை நிறுத்தினாள். நிறுத்தியதைக் கெண்ட்ரிக் கவனிக்கவில்லை. போனை இருக்கையில் போட்டுவிட்டு, காரைப் பூட்டாமலே வேலிப் பக்கம் திரும்பி நடந்தாள்.